நெகட்டிவ் ரிப்போட்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: சென்ற மாரியில் என் மகனுக்கு (வயது 19) காய்ச்சல். நான்காம் நாள் டெங்குவுக்கான என்எஸ்1 சோதனை செய்தோம், நெகட்டிவ். மறுநாள் காய்ச்சலும் விட்டது. வாப்பாவுடன் கடலுக்குப் புறப்பட்டவன் வயிற்றுவலி, வாந்தி என்று படுத்துவிட்டான். டெங்கு என்று சொல்லி வாட்டில் மறித்தார்கள். இப்போது சுகம். 2017 இலும் அவனுக்கு டெங்கு வந்தது. லேப் பிழை விட்டதா?
– ஒரு தாய், கற்பிட்டி

பதில்: லேப்பில் பிழை நடந்திருக்க வேண்டியதில்லை, சகோதரி. வைரஸ் இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தைத்தான் என்எஸ்1 தேடுகிறது. முதல் மூன்று நாட்களில் அது நன்றாக அகப்படும்; பிறகு குறைந்துகொண்டே போகும். நாட்டில் 186,101 டெங்கு நோயாளிகள் பதிவான 2017 இல் உங்கள் மகனும் ஒருவன். இரண்டாம் தடவை தொற்றும்போது, பழைய எதிர்ப்புச் சக்தி விரைவாக எழுந்து அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். சோதனைக்கு அது தென்படாமல் போகலாம். நோய் கடுமையாவதும் இரண்டாம் தடவையில்தான் அதிகம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மழைக்குப் பின் காய்ச்சலோடு வரும் 100 பேரில் 60 பேருக்கு டெங்கு என்று வைப்போம். சோதனை பத்தில் ஏழு பேரைப் பிடிக்கிறது என்றால் 42 பேர் பிடிபடுவார்கள், 18 பேர் தப்புவார்கள். டெங்கு இல்லாத 40 பேரையும் சேர்த்தால் நெகட்டிவ் ரிப்போட்டுடன் வீடு திரும்புவோர் 58. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெங்கு இருக்கிறது! டெங்கு 100 இல் 5 பேருக்கு மட்டுமே உள்ள காலத்தில், அதே நெகட்டிவ்வைப் பெரும்பாலும் நம்பலாம். ஊரில் நோய் எப்படிப் பரவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் வைத்தியர் ரிப்போட்டை வாசிக்கிறார்.

மாரிக் காய்ச்சலுக்கு மூன்றாம் நாளிலிருந்து தினமும் எஃப்பிசி (முழு இரத்த அணு எண்ணிக்கைச் சோதனை) பாருங்கள். ஒரு நாளின் எண்ணை விட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றம்தான் அதிகம் சொல்லும். பிளேட்லட் இறங்க, ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறினால், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிளேட்லட் 100,000க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான். இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது என்று வீடே நிம்மதியடையும் நேரமும் அதுதான்.

வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் வந்தால் எந்த ரிப்போட்டுக்கும் காத்திருக்காதீர்கள். உடம்பு நோவுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் கூடாது. காய்ச்சல் தொடங்கிய நாளையும் முந்தைய டெங்குவையும் வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.