மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

1. எஞ்சின் எரிவதைப் பார்க்கிற ஆசையில்தான் எல்லோரும் வருகிறீர்கள். அது சில நொடிகள், மிஞ்சிப்போனால் சில நிமிடங்கள். மற்ற நாளெல்லாம் சீல், கேபிள், போல்ட் முறுக்கு, கசிவுச் சோதனை. இது சலிக்கும் என்று தோன்றினால் இப்போதே வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

2. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. நைட்ரஜன் மைனஸ் 210-லேயே கட்டியாகிவிடும். அதனால் ஹைட்ரஜன் போகும் குழாயில் நைட்ரஜன் விட்டுக் காற்றை விரட்டினாலும், கடைசியில் ஹீலியம் விட்டு அந்த நைட்ரஜனையும் விரட்டியாக வேண்டும். ஹீலியம் விலை கூடுதல்தான். அதற்காக ஹீலியம் விடும் நேரத்தைக் குறைக்கச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். உள்ளே தங்கிய ஈரமும் காற்றும் துகளாக உறைந்து வால்வு வாயில் உட்கார்ந்துகொள்ளும். திரையில் 'மூடியது' என்று வரும், உள்ளே கசிந்துகொண்டிருக்கும்.

3. ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கண்ணை நம்பிக் கிட்டே போகாதீர்கள்.

4. விகாஸ் எஞ்சினுக்கு ஊற்றும் நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியிலேயே கொதிக்கும். இந்தப் பணகுடிப் பக்கத்து வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? அதன் செம்பழுப்பு நச்சுப் புகை தெரிந்தால் காற்றுக்கு எதிர்த்திசையில் விலகுங்கள். பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. இங்கே காற்று பலமாக அடிக்கும். முழுப் பாதுகாப்பு உடுப்புக்குள் வியர்த்துக் கொட்டும், முகம் அரிக்கும். கழற்றக் கூடாது.

5. உந்துவிசையை அளக்க லோடு செல் இருக்கிறது. ஆனால் எஞ்சினைக் குழாய்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அழுத்தம் ஏறி, குளிர்ந்து இறுகியதும் அவை விசையில் ஒரு பங்கைத் தாமே தாங்கிக்கொள்ளும். வெறும் சோதனை ஸ்டாண்டில் அளவுத்திருத்தம் செய்துவிட்டு, எஞ்சின் குறைவாக உந்துகிறது என்று எஞ்சின்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். குழாய்களை மாட்டி, அழுத்தம் ஏற்றிய பிறகு அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

6. நிறுத்துவதற்குக் கூச்சப்படாதீர்கள். 2023 ஜூலை 1-ல் இங்கே செமிகிரையோ எஞ்சினின் பவர் ஹெட்டை, அதாவது எரியறை நீங்கலான பகுதியை, 4.5 நொடி ஓட்டத் திட்டம். 1.9 நொடி வரை கணக்குப்படியே போனது. இரண்டாவது நொடியில் டர்பைன் அழுத்தம் திடீரென எகிறி, வேகம் விழுந்தது. சோதனை அங்கேயே நிறுத்தப்பட்டது. 2025 மார்ச் 28-ல் பவர் ஹெட் சோதனை 2.5 நொடி ஓடி வெற்றி பெற்றது. இரண்டரை நொடிதானா என்று சிரிக்கிற உறவினர் உங்களுக்கும் இருப்பார்கள். பற்றவைப்பதும் டர்பைனைக் கிளப்புவதும்தான் எஞ்சினுக்குக் கண்டம். நெடுநேர ஓட்டம் அதற்கப்புறம்.

அந்த 2023 சோதனையைப் போல நிறுத்துவது ஆளின் கை வேகத்தால் ஆகாது. வரம்பு தாண்டினால் கம்ப்யூட்டர் வால்வை மூடும். அந்த வரம்புகளை முன்கூட்டியே, நிதானமாக இருக்கும்போது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சோதனை நாளில், மேலதிகாரிகள் வந்து உட்கார்ந்த பிறகு, "இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் ஓடிவிடும்" என்று ஒரு குரல் வரும். எந்தப் பதவியிலிருந்து வந்தாலும் அதற்குத் தலையாட்டாதீர்கள். சென்சார் பொய் சொல்கிறது என்று தோன்றினால், கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டு நிரூபியுங்கள்.

7. திட எரிபொருளுக்கு இப்படி நடுவில் நிறுத்தும் வசதியே கிடையாது. ஸ்ரீஹரிகோட்டாவில் 2010 ஜனவரி 24-ல் எஸ்-200 பூஸ்டரை முதன்முதலாக எரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 200 டன் எரிபொருள். பற்றிக்கொண்டால் எரிந்து தீரும் வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அங்கே போகிறவர்கள் சந்தேகத்தையெல்லாம் எரிப்பதற்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

8. எரிந்து முடிந்ததும் கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் குழாய்களைச் சுத்திகரித்து, பாதுகாப்பு அலுவலர் அனுமதி தரும் வரை ஒருவரும் ஸ்டாண்டுக்குப் போகக் கூடாது. அதற்குள் டேட்டாவை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒவ்வொரு வால்வும் கட்டளைக்கு எத்தனை மில்லிசெகண்ட் கழித்துத் திறந்தது என்பதை முதலில் எடுத்து, முந்தைய சோதனையோடு ஒப்பிடுங்கள். இட்லி ஆறினால் ஆறட்டும், கேன்டீன்காரர் சூடு பண்ணித் தருவார்.