எந்தத் தீவுக்குப் போவது?

இறுதியாண்டுச் சுற்றுலாவைக் கல்லூரி நடத்திய காலம் போய்விட்டது. இப்போது ஐந்தாறு பேராகச் சேர்ந்து அவர்களே கிளம்பிவிடுகிறார்கள், அதுவும் கடல் தாண்டி. எங்கள் துறை மாணவர்கள் இடம் தேர்ந்தெடுப்பதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். சீனியர் போட்ட ரீல்ஸ் பாலி என்று சொல்லும். வீட்டில் அப்பா, "கலவரம் கிலவரம் இல்லாத இடமாப் பாத்துப் போங்கடா" என்பார். ரீல்ஸுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகிற பேக்கேஜை ஒரு ஏஜென்ட் கண்டுபிடித்துக் கொடுப்பார். அந்தத் தீவில் ராத்திரி பதினொரு மணிக்குத் தெரு எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்டால், "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்."

அந்தமானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம் விமானம். போர்ட் பிளேயர் 2024-ல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது, ஆனால் கடைவீதியில் தமிழ் கேட்பது மாறவில்லை. ஹேவ்லாக்கில் சாயங்காலத்துக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். குறைதான், ஆனால் அந்த ஒன்றுமில்லாமைதான் பத்திரம். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை நம்ப வேண்டும். பழங்குடிப் பகுதிச் சட்டத்தோடு விளையாடக் கூடாது. 2018 நவம்பரில் வடக்கு சென்டினல் தீவுக்குத் திருட்டுத்தனமாகப் போன அமெரிக்க இளைஞர் உயிரை விட்டார். 2025-ல் இன்னொரு அமெரிக்கர் அங்கே இறங்கிவிட்டு வந்து கைதானார்.

மாலத்தீவுக்கு ஒரு விசித்திரமான வசதி உண்டு. அங்கே ஒரு விடுதிக்கு ஒரு தீவு. தலைநகர் மாலேயில் என்ன நடந்தாலும் நடுவில் கடல் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் நெருக்கடி நிலை அறிவித்து, நீதிபதிகளைக்கூடக் கைது செய்தார்கள். விடுதித் தீவுகளில் இருந்தவர்கள் அதைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். 2024 ஜனவரியில் இந்தியர்களுக்கும் மாலத்தீவினருக்கும் சமூக ஊடகத்தில் மூண்ட சண்டைக்குப் பிறகு, முந்தின வருடம் முதலிடத்தில் இருந்த இந்தியப் பயணிகளின் எண்ணிக்கை சரசரவென்று சரிந்தது. ஆத்திரம் பெரும்பாலும் கைபேசிக்குள்தான் இருந்தது. மாணவர்களுக்கு விடுதித் தீவு கட்டுப்படியாகாது. மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் தங்கலாம். அங்கே மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரை நான் நம்பி அனுப்புவேன்.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் பாதோங் பக்கத்துத் துக்துக் வண்டிகளின் கட்டணத் தகராறு ஊரறிந்தது. ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதைவிட, மழைக்காலத்தில் சிவப்புக் கொடி நட்டிருக்கும் கடலில் இறங்காதீர்கள். 2018 ஜூலையில் புயலில் கவிழ்ந்த ஃபீனிக்ஸ் படகில் 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். கஞ்சா விற்கும் கடை கண்ணில் பட்டால், ஊர் திரும்பி விமானநிலையத்தில் இறங்கியதும் இந்தியச் சட்டம் மறுபடி தொடங்கிவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

இனி பாலி.

பாலி கெட்ட ஊர் என்று நான் சொல்லவில்லை. சிடமென் பக்கத்து நெல்வயல்களும் முண்டுக் மலையும் அருமையானவை. ஆனால் ரீல்ஸில் வரும் பாலி அதுவல்ல. அது தெற்கே குட்டா, செமின்யாக், சங்கு என்று நீளும் ஒரே நெரிசல். இருபத்திரண்டு வயதுக்காரர்கள் தங்குவதற்கு இவ்வளவு மிகையாகப் புகழப்பட்ட இடம் வேறு எனக்குத் தெரியாது. 2024-ல் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்து அங்கே அதிகம் போனவர்கள் இந்தியர்கள். அதில் நம் பிள்ளைகளின் பங்கு கணிசமாக இருக்கும்.

பெற்றோர் பயப்படுவது வேறொரு பாலியைப் பார்த்து. 2002 அக்டோபர் 12 இரவு குட்டாவில் இரண்டு கேளிக்கை விடுதிகளில் குண்டு வெடித்து 202 பேர் இறந்தார்கள். 2005-ல் மறுபடியும் வெடித்தது. லெகியான் தெருவில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் நிற்கிறது. அதற்கு எதிரே நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் பலருக்கு அது எதற்கான கல் என்றே தெரியாது. அந்தப் பயம் போய்ப் பல காலம் ஆயிற்று. பெரிய ஹோட்டல் வாசல்களில் வண்டியைச் சோதிக்கும் பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. 2025 ஆகஸ்டு கடைசியில் இந்தோனேசியா முழுக்கப் போராட்டம் வெடித்தபோது டென்பசாரிலும் காவல்துறைத் தலைமையகத்தின் முன் கூட்டம் கூடியது, கண்ணீர்ப்புகை வீசினார்கள். அன்று எனக்கு ஒரு தாயிடமிருந்து போன்: "சார், என் பையன் அங்கதான் இருக்கான், பத்திரமா இருப்பானா?" போராட்டத்தால் ஒன்றும் ஆகாதம்மா என்றேன். அவன் ஸ்கூட்டர் ஓட்டுகிறானா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஸ்கூட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலியில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மதுரையில் ஓட்டியவனுக்கு அங்கே உடனே வீட்டில் இருப்பது போலத் தோன்றிவிடும். அதுதான் வினை. வாடகைக்குக் கொடுப்பவர் லைசென்ஸ் கேட்பது அபூர்வம், ஹெல்மெட் கொடுத்தால் அதிர்ஷ்டம். சங்குவில் வயல்களுக்கு நடுவே ஒரு வண்டி போகிற அகலத்தில் குறுக்குப்பாதை உண்டு. எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். சட்டப்படி பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதில் இருசக்கர வண்டிக்கான முத்திரையும் வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிப் போன மாணவன் ஒருவனையும் நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் மாணவன் ஒருவன் அங்கே விழுந்து முழங்கால் உடைந்து, கட்டோடு வந்து பருவத் தேர்வு எழுதினான். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டபோது இன்ஷூரன்ஸ்காரர்கள் அந்த அனுமதியைத்தான் முதலில் கேட்டார்கள். அவன் அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டினார். இதே அப்பாதான் இலங்கைக்குப் போகலாம் என்று மகன் ஆரம்பத்தில் சொன்னபோது "அங்க கலவரம்" என்று தடுத்தவர்.

அடுத்தது குடி. குடிக்காதே என்று பிரசங்கம் செய்யப்போவதில்லை, அதை வீட்டில் செய்துகொள்ளட்டும். ஆனால் மலிவு விலையில் கலந்து ஊற்றும் அராக்கை மட்டும் தொடாதீர்கள். 2009-ல் மெத்தனால் கலந்த அராக்கைக் குடித்து பாலி, லொம்போக் தீவுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு. மெத்தனாலை நிறமும் ருசியும் காட்டிக்கொடுக்காது. மறுநாள் கண் மங்கும்போது தலைவலி என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. பாலியில் பாதுகாப்பு உணர்வு திசை மாறியிருக்கிறது. முன்பு வந்தவர்கள் ஊரைப் பார்த்துப் பயந்தார்கள். இப்போது ஊர் வந்தவர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறது. தபானான் கோயிலின் புனித மரத்தில் ஆடையின்றிப் படமெடுத்த ரஷ்யப் பெண்ணை 2022-ல் நாடு கடத்தினார்கள். 2023-ல் மட்டும் அந்தத் தீவிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வெளியேற்றப்பட்டார்கள். அதே வருடம் ஆளுநர் வாயான் கோஸ்டர், பயணிகளுக்கு மோட்டார்சைக்கிள் வாடகைக்கே தரக்கூடாது என்று கிளம்பினார். அது நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் அச்சிட்ட தாளை வந்து இறங்குகிறவர்கள் கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024 பிப்ரவரி 14 முதல் ஆளுக்கு ஒன்றரை லட்சம் ருப்பியா தீவு வரி வேறு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிக்கொண்டு நிற்கும் பெச்சலாங் என்ற ஊர்க்காவலர்கள் சாமி ஊர்வலத்துக்கு வழிவிடச் சொல்லும்போது ஹாரன் அடிக்கிறவனை அந்த ஊர் இனி சிரித்து மன்னிக்காது. கோயில் குளமும் கொடியேற்றமும் உள்ள நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருப்பதே வெட்கம்.

போயே தீர வேண்டுமா? சனூரில் தங்குங்கள். வண்டியை டிரைவரோடு எடுங்கள். ஐந்து பேர் பங்கு போட்டால் ஐந்து ஸ்கூட்டர் வாடகையைவிடப் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. மார்ச்சில் போவதென்றால் நியேப்பி என்ற மௌன நாள் எப்போது என்று பாருங்கள், 2026-ல் அது மார்ச் 19. அன்று 24 மணி நேரம் விமானநிலையமே மூடிக்கிடக்கும், தெருவில் பயணி உட்பட ஒருவரும் இறங்கக்கூடாது. ஏஜென்ட்கள் இதைச் சொல்லாமல் டிக்கெட் போட்டுவிடுவதுண்டு.

அப்பாக்கள் தடுக்கிற இலங்கைக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தது உண்மை. 2022-ல் பெட்ரோலும் மருந்தும் இல்லாமல் தீவே தெருவுக்கு வந்ததும், ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்ததும் உண்மை. அந்த மாளிகையின் நீச்சல்குளத்தில் குதித்தவர்களின் படம் நம் ஊர்ப் பெற்றோர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. 2018-ல் 23 லட்சம் பேர் வந்த தீவு அது. 2024-ல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள்.

2022 கடைசியில் நான் யாழ்ப்பாணம் போனபோது பெட்ரோலுக்கு இன்னும் வாரப் பங்கீடு இருந்தது; கியூஆர் குறியைக் காட்டித்தான் நிரப்ப வேண்டும். நயினாதீவுப் படகுத்துறைக்கு அழைத்துப் போன ஆட்டோக்காரர் கிளம்பும்போதே, "பெற்றோல் முடிஞ்சா நடந்துதான் வரவேணும்" என்றார். முடியவில்லை. கூலியும் பேசியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. மூன்று வருடக் கஷ்டத்தில் இருந்த ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு நல்லூர் பக்கம் தனியாக நடந்தேன், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பாலியில் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மொழியும் இதில் பாதி. நம் மாணவன் அங்கே தொலைந்துபோனால் தமிழில் வழி கேட்கலாம், சண்டை வந்தாலும் தமிழில் சமாதானம் பேசலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே விமானம் இருக்கிறது; நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, பருவம் பார்த்துத்தான் ஓடும்.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. 2024 அக்டோபரில் அறுகம் குடாவுக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் தன் குடிமக்களை எச்சரித்தது. இஸ்ரேலியப் பயணிகளைக் குறிவைத்த மிரட்டல் அதற்குக் காரணம். எச்சரிக்கையைப் படிக்கும்போது அது யாருக்கு, எந்தக் கடற்கரைக்கு, எந்த மாதத்துக்கு என்று பிரித்துப் படிக்க வேண்டும். தீவு முழுவதையும் சேர்த்து அடித்துவிடக் கூடாது. எல்லவுக்குப் போகும் ரயிலில் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டு படமெடுக்கிறார்களே, அது கலவரத்தைவிட மோசம். விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, கலவரம் பத்து நாள் செய்தி. அதில் மாட்டிக்கொள்ளும் பயணி அபூர்வம். தினசரி ஒழுங்கின்மை வேறு. வண்டி, குடி, நள்ளிரவுக் கூட்டம், கூட வந்தவனின் வீம்பு, இவற்றில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். தீவைத் தேர்ந்தெடுக்கும் முன்பு உங்கள் கூட்டத்தைப் பாருங்கள். ஐந்து பேரில் கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவன் ஒருவன் இருப்பான். ஒருவனுக்கு நாலு பேர் பார்க்க ஏதாவது செய்யாமல் தூக்கம் வராது. ஒருத்தி தண்ணீரில் காலை வைக்கவே பயப்படுவாள், ஆனால் சொல்லமாட்டாள். இவர்களையெல்லாம் ஒரு ரீல்ஸுக்குள் அடைக்க முடியாது. படிப்பிலும் இதைத்தான் செய்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த பிரிவு என்று கம்ப்யூட்டர் எடுத்துவிட்டு, மூன்றாம் செமஸ்டரில் வந்து கண்ணைக் கசக்குகிறீர்கள். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள நாளாகும், ஆகட்டும். இந்த வருடம் அந்தமானில் நடந்து பழகிவிட்டு, வேலைக்குச் சேர்ந்த பிறகு சொந்தக் காசில் பாலிக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்போது லைசென்ஸும் இருக்கும், முழங்காலின் மதிப்பும் தெரிந்திருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எந்தத் தீவைச் சொன்னாலும் டி.வி.யில் பார்த்த பழைய கலவரத்தைக் கொண்டு மறுக்காதீர்கள். அவன் அடுத்த முறை உங்களிடம் சொல்லாமலே போவான். டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஏஜென்டிடம் பயண இன்ஷூரன்ஸ் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தைப் பிள்ளையை விட்டே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வண்டி, மது, நீர்விளையாட்டு மூன்றும் அதில் எப்படியும் வரும். படித்து முடித்த பிறகும் அதே தீவைத்தான் சொல்கிறான் என்றால், கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.