ஒரே புகை, வெவ்வேறு சரீரம்



வார்டில் ஜெபித்து முடித்து எழும்போது, நோயாளிகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "ஐயா, எங்க அப்பா 80 வயசு வரைக்கும் பீடி குடிச்சாங்க, ஒண்ணும் வரலை. எனக்கு மட்டும் ஏன்?" சிலர் இதைக் குடும்பச் சாபம் என்கிறார்கள், சிலர் தலைவிதி என்கிறார்கள். மருத்துவ அறிவு தரும் பதிலை இம்முறை நாம் படிப்போம்.

புகையிலைப் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் 60க்கும் அதிகமான இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பென்சோபைரீன். இதை வெளியேற்ற நம் உடலின் சில நொதிகள் முயலும்போது, அது இடையில் முன்னிலும் கொடிய பொருளாக மாறி, உயிரணுவின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. வேறு சில நொதிகள் அந்த நஞ்சை முறிக்கின்றன. இவ்விரு வகை நொதிகளின் வேகமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. உதாரணமாக, நஞ்சை முறிக்கும் நொதி ஒன்றைத் தரும் ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு, ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இல்லை.

2008இல் மற்றொரு வேறுபாடு வெளியாயிற்று. 15ஆம் குரோமோசோமில், நிக்கோடினை ஏற்கும் அணு வாயில்களுக்கான மரபணுக்கள் உள்ள இடத்தில் ஒரு சிறு மாற்றம் உடையவர்கள் அதிகமாகப் புகைக்கிறார்கள். அம்மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. ஆகவே, விட முடியாமல் தவிக்கிறவரை "மனவுறுதி இல்லாதவர்" என்று நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லலாகாது.

ஆனால் அளவைக் கவனியுங்கள். மரபணு கூட்டுவது 30 சதவீதம். புகைப்பழக்கமோ அதே அபாயத்தை 15 மடங்குக்கும் மேலாகக் கூட்டுகிறது. பிரிட்டனில் 2000இல் வெளியான ஆய்வின்படி, விடாமல் புகைக்கும் 100 ஆண்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடியவர் 16 பேர். 50 வயதில் விட்டவர்களில் இது 6. 30 வயதில் விட்டவர்களில் 2.

தப்பிய தகப்பனாரின் கதை இப்போது விளங்கும். 16 பேருக்கு வந்தால் 84 பேருக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பதினாறில் நாம் இருப்போமா என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையாலும் இயலாது. மேலும், நுரையீரல் புற்றுநோய்க்குத் தப்பியவரை மாரடைப்பும் பக்கவாதமும் விட்டுவிடுவதில்லை.

மெல்லும் புகையிலையும் அப்படியே. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. வாயில் வெள்ளைத் தழும்பு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படுக்கையில் இருக்கிறவருக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுவே: "இது சாபமல்ல. உங்கள் மரபணுவை நீங்கள் தேர்ந்துகொள்ளவில்லை." அருகில் நிற்கும் மகனுக்கோ இன்னொரு வார்த்தையும் சொல்லுகிறோம்: "தம்பி, அப்பாவிடமிருந்து வந்த மரபணுவை நீ மாற்ற முடியாது. சட்டைப்பையில் இருக்கும் பீடிக்கட்டை இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடலாம்."

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். உங்கள் சபையின் வாலிபர் கூட்டத்திலும் இதை வாசித்துக் காட்டுங்கள்.