தோல்வியும் பால்மரமும்



தேர்வில் தவறியதும், "எனக்குப் படிப்பு வராது" என்று சோர்ந்துவிடுகிறோம். நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய இரப்பர் மரத்தின் வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது.

1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. முளைத்தவை 3,000க்கும் குறைவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, இரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை வேண்டினார். அவர்களோ அவரைப் பித்தர் என எள்ளினர். ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1896இல்தான் மலாக்காவில் டான் சே யான் இரப்பரை வாணிகப் பயிராக நட்டார்.

ரிட்லி கண்ட உண்மை யாது? மரத்தைக் கண்டபடி கொத்தினால் அது கெடும். பட்டையை மெல்லியதாகச் சீவி, பின்னர் அதே வெட்டுவாயில் மீண்டும் சீவினால் பால் மிகுதியாகச் சுரக்கும். சீவிய பட்டையும் மறுபடி வளரும்.

தோல்வியும் அத்தகைய வெட்டே. எந்தக் கணக்கில் தவறினோமோ, அதே கணக்கை மறுநாள் மீண்டும் செய்தல் வேண்டும்.

பெற்றோர்களே! கத்தி ஆழப் பாய்ந்தால் மரத்தில் வடு நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். பிள்ளையையும் கடுஞ்சொல்லால் ஆழ வெட்டாதீர்கள். "எங்கே தவறினாய்?" என அருகமர்த்திக் கேளுங்கள்.

மாணவர்களே! "வராது" என்னும் சொல்லை விடுத்து, "இன்னும் வரவில்லை, முயன்றால் வரும்" எனச் சொல்லிப் பழகுவோமாக!