மூடிக்கு உள்பக்கம் மூன்று வரி

எங்கள் மகளிர் குழு சானிட்டரி நாப்கின் தயாரிக்கிறது. பெட்டியில் குடும்பக் கட்டுப்பாடு பற்றி அச்சிட ஆசை. பெண்கள் வாங்கக் கூசுவார்களோ? – வாசகி, விருதுநகர்

தயங்காமல் அச்சிடுங்கள், சகோதரி. அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணம் தீப்பெட்டி லேபிளில் ஏறி அடுப்படிவரை வந்ததே! கூச்சமெல்லாம் கடையில்தான், கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் பிரிக்கும்போது இருக்காது. அதனால் மூடி மடிப்பின் உள்பக்கம் போடுங்கள், மை நாப்கினில் படாதபடி.

நீட்டி முழக்க வேண்டாம். அந்தரா கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. காப்பர்-டி 380ஏ 10 ஆண்டுவரை. குழந்தை வேண்டுமென்றால் இடையிலேயே எடுத்துவிடலாம். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். கீழே 104 மருத்துவ உதவி எண், குளியலறையின் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக.