எழுதும் மூலை

எங்களுடையது ஓரறை வீடு. டிரங்குப் பெட்டியே என் மேசை. இரவில் நான் எழுத விளக்கெரிந்தால், விடியுமுன் வேலைக்குச் செல்லும் அப்பாவுக்கு உறக்கமில்லை. வழிகாட்டியது இயற்பியல் பாடம்.

தாளில் விழும் ஒளி, விளக்கின் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். தாளுக்கு 2 மீட்டர் மேலே தொங்கும் விளக்கை அரை மீட்டருக்கு இறக்கினால் ஒளி 16 மடங்காகும். ஆகவே சிறிய விளக்கே போதும். அப்பாவின் பக்கம் ஓர் அட்டையை மறைப்பாகக் கட்டினேன். வலக்கையால் எழுதுவோர் விளக்கை இடப்புறம் வைத்தால் கைநிழல் எழுத்தின்மேல் விழாது.

எழுதி முடித்ததும் புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கி மூடி, பாதியில் நிற்கும் கணக்கை மட்டும் மேலே வைப்பேன். மறுநாள் அதுவே என்னை அழைக்கும்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தின் முதற்பட்டம் அம்மூலையிலிருந்துதான் வரவேண்டும். அப்பாவின் உறக்கம் கெடாமல் வரவேண்டும்.

– இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன்