மனக்காயமும் அதனை ஆற்றும் முறைகளும்

மரம் சீவும்போது கத்தி பட்டையைக் கடந்து கட்டையில் பட்டுவிட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாகவே வளரும். இதனைத் தோட்டப் பாட்டாளிகள் நன்கறிவர். மனித மனத்திலும் அத்தகைய ஆழ்ந்த வெட்டு விழுவதுண்டு. கோர விபத்து, வெள்ளம், தீ, அடி உதை, பாலியல் கொடுமை, கண்ணெதிரே நிகழ்ந்த மரணம் ஆகியவை அதற்குக் காரணமாகலாம்.

நம் சமூகத்திற்கு இக்காயம் புதிதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பசியாலும் மாண்டோர் பலர். மீண்டு வந்தோரில் பலர் தாம் கண்டதைப் பிறரிடம் சொல்லாமலே வாழ்ந்து மறைந்தனர். அவர்களைப் போன்றோரின் துயரை மருத்துவ உலகம் தனியொரு நோயாக ஏற்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இன்றைய பெயரால் குறித்தது 1980இல்தான்.

இதன் அடையாளங்கள் யாவை? கொடுங்கனவு காணுதல், நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றுதல், அந்த இடத்தையும் அதைப் பற்றிய பேச்சையும் தவிர்த்தல், சிற்றோசைக்கும் திடுக்கிடுதல், உறக்கமின்மை, எரிச்சல் ஆகியவையாம். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. இது பைத்தியமன்று, பேய் பிடித்ததுமன்று, கோழைத்தனமுமன்று.

அன்று கிட்டாத சிகிச்சை இன்று தமிழிலேயே வளர்ந்துள்ளது. நெடும்போரால் அல்லலுற்ற யாழ்ப்பாணத்தில், மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். மூச்சுப் பயிற்சி, சவாசனம், அவரவர் சமயத்திற்கேற்ற புனிதச் சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல் முதலிய பழகிய வழிகளை அவர் சிகிச்சையில் பயன்படுத்தினார். இவை மிரண்ட உடலை அமைதிப்படுத்துவன.

மற்றொரு முறை, நடந்ததை வரிசையாகச் சொல்லுதல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பின், இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளில் சிகிச்சையளித்தனர். ஒரு குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றது. மற்றது தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னது. இம்முறையில் பிள்ளை ஒரு கயிற்றைத் தரையில் நீட்டி, பிறந்த நாள் முதல் நடந்த நல்லவற்றுக்குப் பூவும் துன்பங்களுக்குக் கல்லும் வைக்கும். பின் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லும். சிதறிக் கிடந்த அச்ச நினைவு இவ்வாறு காலமும் இடமும் பெறுகிறது. "அது முடிந்துவிட்டது" என மனம் உணர்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின் இரு குழுக்களிலும் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அந்நோயிலிருந்து மீண்டிருந்தனர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில், எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சையும், கொடிய நினைவை மனத்தில் இருத்தியபடியே கண்களை இடவலமாக அசைக்கச் செய்யும் சிகிச்சையும் பரிந்துரைக்கப்பட்டன. இவற்றைப் பயிற்சி பெற்றோரே செய்தல் வேண்டும்.

அப்படியாயின் குடும்பத்தார் கடமை என்ன? "சொல், சொல்" என வற்புறுத்தலாகாது. "மறந்துவிடு" என வாயடைப்பதும் ஆகாது. அவராகப் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும். ஆலய வழிபாடு ஆறுதல் தருமாயின் அது தொடரட்டும். ஆனால் மருத்துவரை நாடுவதற்கு அது தடையாகிவிடக் கூடாது. மதுவோ புண்ணை மறைக்குமேயன்றி ஆற்றாது.

பெர்மாஸ் ஜெயாவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழ்வோர் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கை நாடலாம். தேவைப்படின் அங்கிருந்து சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ, தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனைக்கோ கடிதம் தந்து அனுப்புவர். சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணில் தொலைபேசி வழியும் உதவி கேட்கலாம். சயாமிலிருந்து மீண்ட நம் முன்னோர்க்கு இவ்வசதி இருந்ததில்லை; நமக்கு இருக்கிறது. கைகால் முறிந்தால் மருத்துவமனைக்கு விரைகின்ற நாம், மனம் முறிந்தவரையும் அவ்வாறே அழைத்துச் செல்வோமாக.